மான்கொம்புப் பிடி

நானும் அவரும் கடற்கரை ஓரத்தில் இருந்த ஒரு சர்க்கார் அலுவலகத்தில் படம் வரைபவர்களாக இருந்தோம். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் தியாகராய நகர் என்று ஆன அந்தப் பொட்டலில் எந்தத் தெரு எங்கே வளைகிறது, எந்த மனைக்கு எத்தனை அடி முகப்பு என்பதையெல்லாம் டிரேசிங் துணியில் மைக்கோடாக இழுப்பது எங்கள் வேலை. இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஏழெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தோம்.

அவர் வீடு மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே. அண்ணா, மன்னி, மனைவி என்று எல்லோரும் ஒரே வீட்டில். எங்கள் வீடு கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில். என் தகப்பனார் அங்கே புத்தகம் பைண்டு செய்துகொண்டிருந்தார். சினேகிதர் என்னைப் பாய் என்பார், நான் அவரைச் சாமி என்பேன். ஞாயிறு சாயங்காலம் இருவருமாகச் சாந்தோம் கடற்கரைக்கு நடப்போம். அவர் வீட்டில் நான் வாசலை அடுத்த ரேழியைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. வெயில் மழை மாதிரி அதுவும் ஒன்று என்று விட்டிருந்தோம்.

ஒருநாள் முற்பகல் அவர் தன் மேஜையிலிருந்து குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பாய், இந்த மூலை மூடியிருக்கா, திறந்திருக்கா, பார்த்துச் சொல்லும்."

எட்டிப் பார்த்தேன். மனையின் இரண்டு கோடுகளும் சேரவேண்டிய இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "நரம்பு வாடிண்டு வரதாம். சொட்டு மருந்து குடுத்திருக்கார், திரும்பாதுன்னும் சொல்லிட்டார்" என்றார். "குழாய் வழியா பார்க்கற மாதிரி இருக்கு, ஓய். நடுவுல தெரியறது. ஓரம் இல்லை. குழாய் சின்னதாயிண்டே போகும்னார்."

அதற்குப் பிறகு பல மாதங்கள், மத்தியான இடைவேளையில் எல்லோரும் வெளியே போனதும், அவர் படத்தை என் மேஜைக்கு இழுத்து மூலைகளைச் சேர்த்துக் கொடுத்தேன். மேலதிகாரிக்குத் தெரியவில்லை. தெரிந்தும் பேசாமல் இருந்தாரோ என்னவோ.

அவருக்குத் தபால்தலை சேர்க்கும் பழக்கம் உண்டு. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு தலையின் ஓரத்துப் பல்லையும் எண்ணுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணலில் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஆல்பத்தைப் பார்சல் கட்டி வெளியூர் சினேகிதர் ஒருவருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"இன்னா சாமி, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். நேத்திக்கு ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். ராஜா தலையா ராணி தலையான்னு தெரியலை. அதை வெச்சுண்டு அழறதா?" என்றார். மணலை அள்ளி விரலால் நெருடிக்கொண்டே, "இனிமே கத்தி சேர்க்கப் போறேன்" என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். கண்ணால் பார்க்கிறது எல்லாம் போகப்போகிறது. கையால் பார்க்கிறதாக ஏதாவது இருக்கவேண்டும். நாணயம் சேர்க்கலாம், ஆனால் தேய்ந்த காசும் தேய்ந்த காசும் விரலுக்கு ஒன்றேதான். மடக்குக்கத்தி அப்படி இல்லை. திறக்கிறது, மூடுகிறது, சத்தம் போடுகிறது, ஒன்றுக்குள் ஐந்தாறு அலகு ஒளிந்திருக்கிறது. இரண்டு கத்தி ஒரே மாதிரி இருக்காது.

நாங்கள் கத்தியோடு பழகியவர்கள்தான். பென்சிலை ஊசிமுனையாகச் சீவுவதற்கும், தப்பாக விழுந்த மையைத் துணி கிழியாமல் சுரண்டுவதற்கும் மேஜையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி இருக்கும். ஆனால் பல கருவிகள் அடங்கிய பெரிய மடக்குக்கத்தி எங்கள் துரை ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது. அதைச் சாமி ஒருதரம் தொட்டுப் பார்க்கக் கேட்டு வாங்கியதையும், எடையைக் கை மறக்கவில்லை என்பதையும் அன்றுதான் என்னிடம் சொன்னார்.

"முதல் கத்தி சரியா அமையணும், பாய். அதுக்கப்புறம் வரதையெல்லாம் அதோட ஒட்டிப் பார்த்துத்தான் கை தெரிஞ்சுக்கப் போறது. நீரும் வரணும்."

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் டிராம் பிடித்து மவுண்ட் ரோட்டுக்குப் போனோம். சீமைச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று. கண்ணாடிப் பெட்டியின் பின்னால் தெலுங்கு பேசும் கடைக்காரர். நாங்கள் இருவரும் நின்ற கோலத்தைப் பார்த்து, யாருக்கு யார் வாங்கித் தருகிறார் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எந்த வேலைக்கு, நைனா?" என்று என்னைக் கேட்டார்.

"வேலைக்கு இல்லை. வெச்சுக்கறதுக்கு" என்றார் இவர்.

கடைக்காரர் பச்சை வெல்வெட் துணி விரித்து ஐந்து கத்திகளை அடுக்கினார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாளில் குழாயின் நடுவே அவருக்கு இன்னும் பார்வை இருந்தது. கிட்டத்தில் வைத்தால் கத்தி தெரியும். ஆனாலும் மூடிக்கொண்டு, "வரிசையை மாத்தி மாத்திக் குடும், பாய். எது எதுன்னு சொல்லாதேயும்" என்றார்.

முதலில் இருப்பதிலேயே பெரியதைக் கொடுத்தேன். பதினைந்து சாமான் அதில். ரம்பம், அரம், கத்தரி, என்னென்னவோ. உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. "இது கத்தி இல்லை, கடை" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தது முத்துச்சிப்பிப் பிடி. எனக்கு அதன் மேல்தான் கண். வெளிச்சத்தில் ரோஜா நிறமும் பச்சையுமாக ஓடியது. அவர் கையில் அது நழுவியது. "வழவழன்னு இருக்கு. ஈரக்கையில நிக்காது. பார்க்க நன்னா இருக்குமோ?" என்று கேட்டார். நன்றாக இருக்கும் என்றேன். "இருக்கட்டும்" என்று கீழே வைத்தார்.

மூன்றாவது கத்தியைத் திறந்து மூடியபோது முகத்தைச் சுளித்தார். சின்ன அலகு மூடும்போது பக்கத்துத் தகட்டில் உரசுகிறது என்றார். கடைக்காரர் வாங்கிக் காதோடு வைத்துத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். அதிலிருந்து அவர் இவரைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது.

நான்காவதுதான் மான்கொம்புப் பிடி. கரடுமுரடாக, வரிவரியாக இருந்தது. இவர் கட்டைவிரலால் அந்த வரிகளின் மேல் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். நகத்தைக் குழியில் கொடுத்துப் பெரிய அலகைத் திறந்தார். வில் தெறித்து டக்கென்று நின்றது. பாதி வழியில் ஒருதரம் நின்று, பிறகு முழுசாகத் திறந்தது. மற்றதையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"சின்ன அலகு. கத்தரி. துளை போடற ஊசி. இந்தக் கொக்கி என்னது?"

"குதிரைக் குளம்புல கல்லு மாட்டிக்கினா எடுக்க, சாமி" என்றேன்.

"நம்மாத்துல குதிரைதான் குறைச்சல். இந்தச் சுருள் கம்பி?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அது உங்களுக்கு வேணாம் சாமி. சாராய புட்டி தக்கை எடுக்க."

"எங்காத்துல கஷாய புட்டி இருக்கு. அதுக்கும் தக்கை உண்டு" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

ஐந்தாவதை அவர் தொடவே இல்லை. கண்ணைத் திறந்து மான்கொம்பை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். கொம்புப் பிடியை வீட்டுக்குள் எடுத்துப் போனால் பெரியவர்கள் ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று நான் கேட்டேன். "மான்தோல்ல உட்கார்ந்து ஜபம் பண்றோம். கொம்பு மட்டும் என்ன பாவம் பண்ணித்து?" என்றார். டிராமில் திரும்பி வரும்போது கத்தியைச் சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பிடித்தபடியே இருந்தார். லஸ் முனையில் இறங்கும்போது, நான் அவரை அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

ஒரு வருஷம்போல அந்தக் கத்தி எங்களோடு கடற்கரைக்கு வந்தது. வெள்ளரிப்பிஞ்சு வாங்கி அதால் நறுக்குவார், சின்ன அலகால் விதையை வழிப்பார். காது கொடுத்து ஒவ்வொரு அலகின் சத்தத்தையும் எனக்குக் கேட்கச் சொல்வார். இரண்டாவது கத்தி எப்படி இருக்கவேண்டும் என்பதே பேச்சு. தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் வளைந்த அலகுக் கத்தி ஒன்று. கப்பல்காரர்கள் வைத்திருப்பது ஒன்று. அடையாற்றுப் பக்கத்தில் பங்களா சாமான்கள் ஏலம் போகும்போதெல்லாம் நான் போய்த் தேடினேன். சரியாக ஒன்றும் அகப்படவில்லை.

அதற்குள் குழாய் மூடிக்கொண்டது. முதலில் டிராம் எண் தெரியாமல் போயிற்று, பிறகு படி தெரியாமல் போயிற்று. அவராகவே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மேஜைக்கு வேறு ஒருவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துப் போவேன். சில மாதம் கழித்து, தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவர் வருவதை நிறுத்தினார். ரேழியில் உட்கார்ந்து பேசுவோம். கத்தி மடியில் இருக்கும்.

அது மழைக்காலத் தொடக்கம். கைத்தடியின் தலை உள்ளங்கையில் உறுத்துகிறது என்று அதை அவரே சீவிக்கொண்டிருந்திருக்கிறார். அலகு வழுக்கி இடது கையைப் பிளந்துவிட்டது. தையல் போடவேண்டி வந்தது. நான் போனபோது கையில் பெரிய கட்டு. கத்தி இல்லை. அண்ணா எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் என்றார்.

அவருடைய அண்ணா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனுஷர். நான் கிளம்பியதும் கூடவே தெருமுனை வரை வந்தார். அதற்கு முன் அவர் என்னோடு நின்று பேசியதே கிடையாது.

"தப்பா நினைச்சுக்கப்படாது. கைல பட்டதுக்காக நான் பூட்டலை" என்றார். "நாலு நாளா அவன் யாரோடயும் பேசலை. சாப்பிடக் கூப்பிட்டா, நான் எதுக்கு இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னான். அதுக்கப்புறமும் கத்தியை அவன்கிட்ட விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களைக் கேட்டா, நீங்களும் அதையே சொல்லுங்கோ."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் ரேழியில் உட்கார்ந்த உடனே சாமி கேட்டார். "பாய், அண்ணாகிட்ட நீர் ஒரு வார்த்தை சொல்லும். நீர் சொன்னா குடுப்பார். கை ஆறிடுத்து."

"கொஞ்ச நாள் போகட்டும் சாமி."

"எதுக்கு?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். கண் சரியாக என் மேல் விழவில்லை, தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்தது.

"நான் ஏதாவது பண்ணிப்பேன்னு அவர் நினைக்கறார். எனக்குத் தெரியும். நீரும் அப்படி நினைக்கறீரா?"

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. பொய்யாகிவிடுமோ என்று ஒரு பக்கம். சொல்லி, அவர் அண்ணா கொடுத்து, அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பக்கம். அது அவர்கள் வீடு, நான் ரேழியோடு நிற்பவன் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்வை இருக்கிறவரிடம் தலையை எப்படியாவது ஆட்டிச் சமாளிக்கலாம். அவரிடம் பேசாமல் இருந்தால் அதுவே பதில். அவர் காத்திருந்தார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவருடைய மனைவி. அத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் என்னோடு பேசியது அந்த ஒருதரம்தான்.

"அதைக் குடுத்துடச் சொல்லுங்கோ. அவர் ஒண்ணும் பண்ணிக்கமாட்டார். நேக்குத் தெரியும். பெரியவர்கிட்ட நான் பேச முடியாது, நீங்க சொல்லுங்கோ."

"சொல்றேம்மா" என்றேன். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக நான் ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அதே மவுண்ட் ரோட்டுக் கடைக்குப் போய், வளைந்த அலகுள்ள தோட்டக் கத்தி ஒன்று வாங்கினேன். அவர் ஆசைப்பட்ட இரண்டாவது கத்தி. அதைக் குளத்தங்கரையில் சாணை பிடிக்கிறவரிடம் கொண்டுபோய், அலகை மழுக்கித் தரச் சொன்னேன்.

அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா பாய், ஊருல எல்லாம் கூர் வையின்னு வந்துக்கினு கீறாங்கோ. நீ மழுக்கச் சொல்றியே. புதுக் கத்திபா இது."

"ஒருத்தருக்கு. கண்ணு தெரியாது."

"அப்போ கத்தி எதுக்கு?"

அவர் சக்கரத்தைச் சுற்றினார். அலகின் ஓரம் கரண்டிக் காம்பு மாதிரி உருண்டது. சத்தம் மாறவில்லை, வில் மாறவில்லை. கை பார்ப்பதற்கு அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஞாயிறு மத்தியானம் எடுத்துப் போனேன்.

கத்தியைக் கையில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. "தோட்டக் கத்தி!" என்றார். பிடியைத் தடவினார். வால்நட் கட்டை, இரண்டு பித்தளை ஆணி என்று சொன்னார். திறந்தார். சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டினார். வளைவைப் பின்பக்கமாகத் தடவிக்கொண்டே போய், நுனியில் திரும்பி, கட்டைவிரலை ஓரத்தில் வைத்தார். அங்கே விரல் நின்றுவிட்டது. இன்னொருதரம் அழுத்திப் பார்த்தார். தையல் தழும்பு தெரிந்தது.

"யார் யோசனை?"

"என்னோடதுதான், சாமி."

கத்தியை மெதுவாக மடக்கினார். என் கை எங்கே இருக்கிறது என்று தேடி, அதைப் பிடித்து, உள்ளங்கையில் கத்தியை வைத்து என் விரல்களை மூடினார்.

"இது எனக்கு வேண்டாம், பாய். கோவிச்சுக்காதேயும். இதைத் தொட்டா, நான் என்ன ஆயிட்டேன்னு எனக்குத் தெரியறது. கண் போனப்போகூட அப்படித் தெரியலை."

அன்றைக்கும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அலுவலகத்தைப் பற்றி, மாம்பலத்தில் புதிதாக எழும்பிய வீடுகளைப் பற்றி. நாங்கள் கோடு போட்ட மனையில் இப்போது மாடி வந்துவிட்டது என்றேன். அப்படியா என்றார். போகும்போது வழக்கமாகச் சொல்லும் "அடுத்த ஞாயிறு" என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்தது என் மகளுக்குக் காய்ச்சல். பிறகு மாதம் ஒருமுறை, அப்புறம் பண்டிகைக்கு என்று ஆயிற்று. போனாலும் ரேழியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவேன். காரணம் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் ஏதாவது இருந்தது.

முப்பதுகளின் நடுவில் அவரும் மனைவியும் கும்பகோணத்துக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாளின் பிறந்தகம் அங்கே. போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் போனபோது ரேழி காலியாக இருந்தது. முகவரி வாங்கி இரண்டு கார்டு எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, அந்த அம்மாளின் கையெழுத்தில், சௌக்கியம் என்று மட்டும்.

இரண்டு வருஷம் கழித்து வடக்கு மாடவீதியில் அவர் அண்ணாவைப் பார்த்தேன். தலை மழித்து, மெலிந்து போயிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். தம்பிக்கு நாலு நாள் விஷக்காய்ச்சல். தந்தி கிடைத்து அண்ணா போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினெட்டு நாளாகிறது.

நான் அங்கேயே நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "அந்தக் கத்தி?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எழும்பூர்ல ரயில் ஏத்தும்போது அவன் கைல நானே குடுத்துட்டேன்" என்றார். "வாங்கி இடுப்புல சொருகிண்டான். அங்க தினம் காய் நறுக்கிக் குடுப்பானாம். அவரைக்காயெல்லாம் ஒரே அளவா, கண் தெரிஞ்சவா நறுக்கினாக்கூட அப்படி வராதுன்னு அவ சொல்லிச் சொல்லி அழுதா."

வீதியில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிட்டு நாங்கள் சுவரோரமாக ஒதுங்கினோம்.

"அவன் ஒண்ணும் பண்ணிக்கலை" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "ரெண்டு வருஷம் அவன் கையிலேயேதான் இருந்தது."

ஆமாம் என்றேன். அவர் கையில் மஞ்சள் பை இருந்தது. அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். உங்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். வெயில் ஏறுகிறது, வரட்டுமா என்று கேட்டுவிட்டு அவர் கோயில் பக்கமாகப் போனார். நான் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று லஸ் பக்கம் நடந்தேன். இரண்டு டிராம்களை ஏறாமல் விட்டேன்.